பெற்றுக்கொண்டவற்றின் பட்டியல்

மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஜெயவேல் முழுதாகப் படித்துப் பார்க்கவில்லை. தாலுகா ஆபீசுக்கு எதிரே குடை விரித்து உட்கார்ந்து மனு எழுதும் சின்னதுரையிடம் விஷயத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

"என் தம்பி தனகோடி வேதத்துல சேரப்போறானாம். கிறிஸ்துமசுக்கு முன்னாடி ஞானஸ்நானமாம். நிறுத்தணும்."

"அடிச்சாங்களா?"

"தெரியாது. சிங்கராயர்னு ஒரு ஆளு. அவரும் தறிக்காரர்தான், கோயில் தெருவுல இருக்கறாரு. தம்பிக்குக் கை ஒடஞ்சு கெடந்தப்ப தெனம் விடியக்காலம் வந்து ஓதிட்டுப் போனாரு. சைக்கிள் வாசல்ல நிக்கறத நானே என் கண்ணால பாத்திருக்கேன்."

"அப்ப எல்லாத்தையும் சேத்து எழுதிடறேன்" என்றார் சின்னதுரை. "பலவந்தமாகவும் மிரட்டியும் ஆசை காட்டியும். எது நிக்குதோ அது நிக்கட்டும்."

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு அது. அக்டோபரில்தான் புதிதாக அவசரச் சட்டம் வந்திருந்தது. பலவந்தம் செய்தோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ ஒருவரை மதம் மாற்றினால், மாற்றியவருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில். சிங்கராயர் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று ஜெயவேல் நினைத்தவரில்லை. அவருக்குத் தம்பி வேண்டும். அப்பா அம்மா போனபிறகு ரத்த உறவு என்று மிஞ்சியது அவன் ஒருவன்தான். மழைத் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் பொதுச் சுவரில் ஒரு தகராறு வந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அதற்காகத் தம்பி இல்லாமல் போய்விடுவானா? இந்த வீட்டில் நாற்பத்துநான்கு வருஷம் கும்பிட்ட சாமியை விட்டு ஒருவன் போகிறான் என்றால், எவனோ இழுத்திருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

சிங்கராயரோடு டீக்கடையில் அவர் வாதாடியதும் உண்டு. ஜெயவேல் பேப்பரை எழுத்து விடாமல் படிப்பவர்.

"உங்க மதம் எப்படிப் பரவுச்சுன்னு உலகத்துக்கே தெரியும் சிங்கராயரே. முன்னாடி பீரங்கி, பின்னாடி பைபிள்."

சிங்கராயர் டீயை ஆற்றிக்கொண்டே, "சில தேசத்துல அப்படித்தான் நடந்திருக்குது அண்ணா. இல்லன்னு சொன்னா பொய். கத்தியத் தூக்கினவங்க எங்க ஆளுங்கதான். எங்க பூட்டனாரு பஞ்சத்துல கஞ்சிக்குப் போனவரு. அதையும் ஒளிக்க மாட்டேன்" என்றார்.

"கஞ்சிக்கு மாறினவர்னு நீங்களே ஒத்துக்கறீங்க பாருங்க!"

"பஞ்சம் தீந்தப்புறம் கஞ்சி இல்ல. அவரு ஏன் அங்கயே இருந்தாருன்னுதான் நானும் யோசிக்கறேன்" என்றார் அவர். வாதத்தில் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு ஜெயவேல் அன்று வீட்டுக்கு வந்தார்.

மனு கொடுத்த பத்தாம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். வருவாய் ஆய்வாளர் தணிகாசலத்தின் மேசைக்கு முன்னால் ஒரு பெஞ்சில் தனகோடியும் அவன் மனைவி காசியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். சற்றுத் தள்ளிச் சிங்கராயர் கையைக் கட்டி நின்றிருந்தார். ஜெயவேலுக்கு மட்டும் நாற்காலி கிடைத்தது. மனு கொடுத்தவர் அல்லவா?

"யாராவது அடிச்சாங்களா?" என்று தனகோடியைக் கேட்டார் தணிகாசலம்.

"இல்ல சார்."

"மிரட்டினாங்களா? நரகத்துக்குப் போவ, அப்படி இப்படின்னு?"

"இல்ல சார்."

"ஏதாவது குடுத்தாங்களா?"

தனகோடி யோசித்தான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். களம்பூர் அரிசி ஆலையில் எத்தனை மூட்டை ஏற்றினார்கள் என்று யாராவது சும்மா கேட்டால்கூட விரல் விட்டு எண்ணித்தான் பதில் சொல்வான்.

"குடுத்தாங்க சார்."

காசியம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாயா சொல்ற? ஒண்ணும் இல்லன்னு சொல்லுய்யா!"

"கேக்கறாங்க இல்ல? சிங்கராயர் ஐயா வீட்டம்மா ஏழெட்டு தபா தூக்குல ரசம் குடுத்து அனுப்பினாங்க. ஒரு தலகாணி குடுத்தாங்க, கைய மேல வெச்சிக்கறதுக்கு. எனக்குச் சவரம் பண்ணிவிட்டாரு, நாலு தபா. சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாரு. அது எத்தினி தபான்னு கணக்கில்ல."

தணிகாசலம் பேனாவை நிறுத்தினார். நல்ல மனிதர், இந்த விசாரணை அவருக்கே பேஜாராகத்தான் இருந்தது. "யோசிச்சு சொல்லுப்பா. ஒரு பொருளு குடுத்தாலே ஆசை காட்டினதுன்னு ஆயிடும். நீ சொல்லச் சொல்ல அந்த ஆளுக்குத்தான் கஷ்டம்."

"பொய் சொல்லக்கூடாதுன்னுதானே சார் அங்க சொல்லிக் குடுத்தாங்க" என்றான் தனகோடி. சிங்கராயரைப் பார்த்தான். அவர் மெல்லத் தலையசைத்தார். சொல்லு, பரவாயில்லை என்பதுபோல இருந்தது அது.

"இன்னும் ஒண்ணு இருக்குது சார், அதுதான் பெருசு. பஸ்ல இருந்து வுழுந்து வலது மணிக்கட்டு ஒடஞ்சப்ப தறியில முகூர்த்தச் சேலை பாதியில நின்னுது. கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. இவரு தெனம் அஞ்சு மணிக்கு வந்து, தன் தறிக்குப் போற வரைக்கும் என் தறிக்குழியில எறங்கி நெய்வாரு. நாப்பத்திரண்டு நாளு. ஒரு சேலை முழுசா முடிஞ்சுது, இன்னொண்ணு பாதி. கூலியில ஒரு பைசா தொடல."

ஜெயவேல் நிமிர்ந்தார். தறியில் இறங்கி நெய்தாரா? ஓதுவதற்கு அல்லவா வந்தார்?

"ஒரே சேலையில ரெண்டு கை பட்டா தெரியாதா?" என்றார் தணிகாசலம். பட்டு நெய்யும் ஆரணிக்காரர், அவருக்கும் விஷயம் தெரியும்.

"தெரியும் சார். ஒவ்வொருத்தன் அடி ஒவ்வொரு மாதிரி. நூல நெருக்கப் பலகைய இழுத்து அடிக்கறதுல இவரு கை கனம், என் கை லேசு. மாறினா துணி ஒரு எடத்துல இறுகியிருக்கும், ஒரு எடத்துல தொளதொளன்னு இருக்கும். மொதலாளி தூக்கிப் போட்டுடுவாரு. அதனால இவரு மூணு நாளு என்னைப் பக்கத்துல ஒக்கார வெச்சி, சரியான்னு கேட்டுக் கேட்டு, என் கை மாதிரியே அடிக்கப் பழகிட்டாரு. முப்பது வருஷத்துப் பழக்கத்த விட்டுட்டு! சேலையில அவரு கையே தெரியல சார், என் கைதான் தெரிஞ்சுது. இப்படி ஒருத்தரு செய்யறாருன்னா அவரு கும்பிடற சாமி எப்படி இருக்கும்னு கேக்கத் தோணுச்சு. நானாத்தான் கேட்டேன்."

தணிகாசலம் சிங்கராயர் பக்கம் திரும்பினார். "இவர் மனசு மாறணும்னுதான் செஞ்சீங்களா?"

"மாறினா நல்லதுன்னு ஆசை இருந்துச்சு சார். இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார் சிங்கராயர். "ஆனா நான் வாயத் திறக்கல. அவரு கேட்டப்புறம்தான் சொன்னேன். கேக்காம இருந்திருந்தாலும் நாப்பத்திரண்டு நாளும் வந்திருப்பேன். சேலை நின்னுபோச்சே சார்."

ஜெயவேலின் காதில் வேறொரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தறிச் சத்தம் வந்தது. முதலில் கனமான அடி. தம்பியினுடையது அல்ல என்று படுத்திருந்தபடியே அவருக்குத் தெரிந்தது. யாரையோ கூலிக்கு வைத்திருக்கிறான் என்று நினைத்தார். நான்காம் நாள் அடி லேசாயிற்று, அச்சு அசலாகத் தனகோடியின் அடி. எழுந்து உட்கார்ந்து மனைவி அபிதகுசாம்பாளிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "கேட்டியா, அவன் கைதான். எலும்பு கூடிடுச்சு. இனிமே போய்ப் பாக்க வேண்டியதில்ல." அவளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அவர்தான் வேண்டாம் என்றார். வாசலில் சைக்கிளைப் பார்த்தபோதும், தம்பி நெய்துகொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஆள் பிரசங்கம் செய்கிறார் என்று எண்ணிக்கொண்டார்.

ஒடிந்த எலும்பு நாலு நாளில் கூடுமா? இதைக் குழந்தைகூட நம்பாது. நம்ப வேண்டியிருந்ததால் அவர் நம்பினார். சிங்கராயர் கையை மாற்றிக்கொண்டது ஒரு சேலைக்காக. அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் நிம்மதியாகத் தூங்கினார் ஜெயவேல்.

"உங்க பக்கம் கேஸ் நிக்குது" என்றார் தணிகாசலம், அவரைப் பார்த்து. குரலில் உற்சாகம் இல்லை. "உங்க தம்பியே ஒத்துக்கிட்டாரு. தலகாணி, சாப்பாடு, வேலை. நீங்க இதுல கையெழுத்துப் போட்டா நான் மேல அனுப்பிடுவேன். அப்புறம் போலீஸ் பாத்துப்பாங்க."

ஜெயவேல் பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினார். அந்தக் கையெழுத்தோடு ஞானஸ்நானம் நின்றுவிடும், தம்பி தங்கிவிடுவான். அதற்குத்தானே வந்தார்? காசியம்மாள் வாயில் முந்தானையை வைத்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், இதுல ஒண்ணு எழுதணும்."

"சொல்லுங்க."

"மனு குடுத்த அண்ணன் சுவத்துக்கு இந்தாண்ட இருந்தான், நாப்பத்திரண்டு நாளும். ஒரு வேளை எட்டிப் பாக்கல. அத எழுதுங்க."

"அதுக்கு இதுல எடம் இல்லீங்களே."

"குடுத்ததுக்கு எடம் இருக்குது, குடுக்காததுக்கு எடம் இல்லையா?" ஜெயவேல் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "மனுவ நான் வாபஸ் வாங்கிக்கறேன் சார். இவன யாரும் இழுக்கல. நான்தான் விட்டுட்டேன்."

தணிகாசலம் ஒரு வெள்ளைத் தாளை ஜல்தியாக அவர் பக்கம் தள்ளினார். மனசு மாறிவிடப்போகிறதே என்ற அவசரம் அது.

வெளியே வந்ததும் சிங்கராயர் கும்பிட்டார். ஜெயவேல் வழக்கமான முறைப்போடு, "பீரங்கின்னு சொன்னத நான் வாபஸ் வாங்கல" என்றார்.

"வாங்காதீங்க அண்ணா. அது நடந்ததுதான்" என்றார் சிங்கராயர். "அத மறந்துட்டா எங்களுக்குத்தான் கெடுதி." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அண்ணன் தம்பி இருவரும் தனியாக இருக்கட்டும் என்று அவர் முன்னால் நடந்துவிட்டார்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் தம்பி வேதத்தில் சேர்ந்துவிடுவான். ஜெயவேலுக்கு அது அப்போதும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. கடவுள் இதை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்று அவருக்குத் தெரியவில்லை. படி இறங்கிக்கொண்டிருந்த தனகோடியின் பக்கத்தில் போய் நின்றார்.

"கை எப்படி இருக்குது?"

தனகோடி வலது கையை நீட்டினான். ஜெயவேல் அந்த மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். எலும்பு கூடிய இடம் கொஞ்சம் கோணலாக இருந்தது.

"வலிக்குதாடா?"

"மழ பேஞ்சா வலிக்குது அண்ணா" என்றான்.