சுவருக்குள் போன இருநூறு வாட்

பெரியவள் வீட்டிலேயே ரொட்டியும் கேக்கும் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். கைப்பக்குவத்தில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் கொஞ்ச நாளாக எதுவும் சரியாக வேகவில்லை. கேக் நடுவில் குழி விழுந்தது, ரொட்டியை வெட்டினால் உள்ளே பிசுபிசுத்தது. மாவை மாற்றிப் பார்த்தாள், முட்டைக்காரரிடம் சண்டை போட்டாள். கடைசியில் மின்சார ஓவனை விற்ற கடைக்கே அனுப்பினாள். அங்கே அது நல்ல பிள்ளையாகப் பொன்னிறத்தில் சுட்டுக் காட்டியது. வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான்.

அவளுடைய சந்தேகம் மாடிமேல் போயிற்று. மாடியில் இருந்தவள் அவள் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கொழுந்தன் கப்பல் வேலையில் இருந்ததால் சின்னவள் மட்டும் தனியாக இருந்தாள். ஓரகத்திகளுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. படிக்கட்டில் பார்த்தால் சிரிப்பார்கள், அதோடு சரி. மேலே வெந்நீர் ஹீட்டர் போடுவதால்தான் கீழே கரண்ட் குறைகிறது என்று பெரியவள் நினைத்தாள். நினைத்ததைக் கணவரிடம் சத்தமாகவே சொன்னாள்.

கணவர் லாரி ஓட்டுபவர். கால் முறிந்து, தொடை வரை மாவுக்கட்டோடு சமையலறையை ஒட்டிய அறையில் படுத்திருந்தார். ஓவன் ஓடும் நேரத்தில் கட்டில் பக்கத்துச் சுவர் கதகதப்பாக இருக்கிறது, முதுகுக்கு இதமாக இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். படுத்தே கிடப்பவருக்குப் பேச வேறு என்ன இருக்கிறது என்று பெரியவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் சின்னவளே கீழே இறங்கி வந்தாள். ஹீட்டர் பேச்சு மேலே கேட்டிருக்க வேண்டும். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. சூடேற்றும் கம்பிச்சுருள் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு சுருளையும் அளந்து பார்த்து அனுப்புவது அவள் பொறுப்பு. அப்படி அளக்கும் மீட்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, என் ஹீட்டரை நிறுத்திட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க ஓவனைப் போடுங்க, பார்ப்போம்."

ஓவன் ஓடும்போதே பக்கத்துப் பிளக்கில் வோல்ட்டை அளந்தாள். இருநூற்று ஏழு. அதே மீட்டரின் கவ்வியை ஓவன் வயரில் மாட்டிக் கரண்டையும் அளந்தாள். ஒன்பது ஆம்பியர். வோல்ட்டைக் கரண்டால் வகுத்தால் ஓவனின் மின்தடை கிடைக்கும் என்றாள். இருபத்து மூன்று ஓம் வந்தது. ஓவனுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தகட்டில் இருநூற்று முப்பது வோல்ட், இரண்டாயிரத்து முந்நூறு வாட் என்று போட்டிருந்தது. அதன்படி பார்த்தாலும் பத்து ஆம்பியர், அதே இருபத்து மூன்று ஓம். ஆக ஓவன் மேல் தப்பில்லை. ஆனால் வோல்ட்டையும் கரண்டையும் பெருக்கினால் இப்போது ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வாட்தான் வருகிறது. பசியோடு வேலை செய்யும் ஆள் மாதிரி ஓவன் அரைகுறையாகச் சுடுகிறது என்று அவள் சொன்னதும் பெரியவளுக்குப் புரிந்துவிட்டது.

ஓவனை நிறுத்தாமலே வாசலில் மீட்டர் பெட்டியில் போய் அளந்தாள். அங்கே முழுசாக இருநூற்று முப்பது இருந்தது. திரும்பி வரும்போது அவள் நடையில் வேகம் இருந்தது.

"வாசல்ல சரியா இருக்கு. இங்கே வரதுக்குள்ள இருபத்து மூணு வோல்ட் காணோம்க்கா. ஒன்பது ஆம்பியர் போற வழியில அவ்வளவு குறையுதுன்னா, ரெண்டரை ஓம் எங்கேயோ உட்கார்ந்திருக்கு. நல்ல வயர்ல அரை ஓம் கூட இருக்கக் கூடாது."

அதனால் என்ன என்று பெரியவள் கேட்டாள்.

"இருபத்து மூணை ஒன்பதால பெருக்குங்க. இருநூறு வாட்டுக்கு மேல. அது ஓவனுக்கு வரலை. நடுவுல ஏதோ ஒரு இடத்துல சூடாகிட்டிருக்கு."

அப்படியென்றால் ஃபியூஸ் போயிருக்க வேண்டாமா என்று பெரியவள் விடாமல் கேட்டாள். கரண்ட் கூடினால்தான் ஃபியூஸ் போகும், இங்கே குறைந்தல்லவா இருக்கிறது, அதற்கு இது தெரியவே தெரியாது என்று சின்னவள் சொன்னாள்.

உள் அறையிலிருந்து கணவர் குரல் வந்தது. "சுவர் சுடுதுன்னு நான்தான் சொல்லிட்டே இருக்கேனே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். கட்டிலை ஒட்டி நின்ற துணி அலமாரியை இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். அதன் பின்னால் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வாசலிலிருந்து வரும் வயரும் சமையலறைக்குப் போகும் வயரும் அதில்தான் சேர்கின்றன. மூடி பழுப்பேறி உருகித் தொங்கியது. உள்ளே இறுக்கம் விட்டுப்போன திருகு கருகிக் கிடந்தது. அலமாரியின் முதுகுப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. அந்தப் பலகைக்கு மறுபக்கம் கம்பளிகள் அடுக்கியிருந்தன.

கணவர் தன் மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். ஊன்றுகோல் கைக்கு எட்டாமல் கதவோரம் சாத்தியிருந்தது.

"உன் புண்ணியத்துல உயிரோட இருக்கேன்மா," என்றார் மெதுவாக. சின்னவள், "அப்படியெல்லாம் சொல்லாதீங்க மாமா, நீங்க சொல்லலேன்னா வீடு பூரா தேடியிருப்பேன்," என்றாள்.

எலக்ட்ரீஷியன் வந்து கருகிய வயரை வெட்டி எறிந்து, புதுப் பெட்டி வைத்து இறுக்கிக் கொடுத்தார். சின்னவள் மறுபடி அளந்தாள். ஓவன் ஓடும்போதும் வோல்ட் இறங்கவில்லை. அன்றைக்குச் சுட்ட ரொட்டி ஓவன் கண்ணாடியை முட்டும் அளவுக்கு உப்பியது.

பெரியவளுக்கு நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குள் அந்த வார்த்தையைச் சொன்னால் அந்நியமாகிவிடும் போல் இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மத்தியானம் கணவர் அயர்ந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், திடீரென்று எழுந்து சின்னவளின் அம்மாவுக்குப் போன் போட்டாள். இத்தனை காலத்தில் ஒரு தடவையும் கூப்பிடாதவள் கூப்பிட்டதும் அந்த அம்மா பதறிப்போய், மகளுக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லைங்கம்மா, நல்லா இருக்கா. எங்களைத்தான் காப்பாத்தியிருக்கா. நல்ல பொண்ணை வளர்த்து எங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்க. அதைச் சொல்லணும்னு தோணுச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் சின்னவள் வந்தாள். அம்மா பேசியிருக்கிறாள் என்பது கண்ணிலேயே தெரிந்தது. அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. பெரியவள் மாவுத் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தாள். சின்னவள் உட்கார்ந்து, கேட்காமலே உருண்டைகளை உருட்டத் தொடங்கினாள்.

"ஒரே அளவா உருட்டுறியே," என்றாள் பெரியவள்.

"சுருளை அளந்து அளந்து வந்த பழக்கம்க்கா," என்றாள் சின்னவள்.