இரண்டு பேர் போகிற அறை

விடியல் தொழுகைக்கு ஸுபஹு பாங்கு சொல்லி முடியுமுன் சாமித்தம்பி மூன்று மலச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டான். பினாயில் மணம் அவனுக்குத் தெரிவதில்லை. ஏறி ஏறி மூக்கு அலுத்துவிட்டது. ஈரத் தரையில் முழங்காலை ஊன்றி, கட்டிலடியில் காய்ந்து ஒட்டியிருந்த சோற்றைத் தகரத் துண்டால் சுரண்டினான். யாரோ கோபத்தில் எறிந்த சோறு. யார் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தை எண்பதாம் ஆண்டு ஜூலையோடு விட்டுவிட்டான்.

அந்த ஜூலையில் அவன் அரசாங்க ஆசுபத்திரிச் சிற்றூழியன். நாடு முழுக்க வேலைநிறுத்தம் என்றார்கள், நிறுத்தினான். நிறுத்தியவர்கள் தாங்களாகவே வேலையை விட்டுப் போய்விட்டதாக அரசாங்கம் அறிவித்தது. தான் வேலையை விட்ட செய்தி சாமித்தம்பிக்குத் தபாலில்தான் தெரியவந்தது. அன்று மனைவி பாக்கியம் அவன் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள்: இனி எந்தக் கூட்டத்திலும் வாய் திறப்பதில்லை. இரண்டு வருடமாக 'ஓம்' என்ற ஒரே சொல்லை வைத்து அவன் சீவியம் நடத்துகிறான். காரைதீவிலிருந்து சைக்கிள் மிதித்துக் கல்முனைக்குடிக்கு வந்து, அப்துல் ஸமட் ஹாஜியாரின் தனியார் ஆசுபத்திரியில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறான்.

ஆசுபத்திரியின் முன்பக்கத்தில் காய்ச்சலும் பிரசவமும். பின்பக்கத்து மூன்று அறைகளில் கோபம். மனம் பேதலித்து, வீட்டார் அடக்க முடியாமல் கொண்டுவந்து விடுகிறவர்கள். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் பார்ப்பது தாதி றுகையா மிஸியும், சாமித்தம்பி, ஜெமீல், மீராசா, ஸுலைஹா என்ற நான்கு சிற்றூழியர்களும்.

பின்னறைக்குள் தனியே போவதில்லை என்பது அவர்கள் வைத்திருந்த சட்டம். எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. பட்ட அடிகளிலிருந்து படித்தது. இரண்டு பேர் போவார்கள். ஒருவர் கதைப்பார், நேருக்கு நேர் நிற்காமல் சற்றுச் சரிந்து, இரண்டு கையும் தெரிய நிற்பார். மற்றவர் வாய் திறக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பார். பேனை, மணிக்கூடு, வளையல் எல்லாம் வெளியே. றுகையா முக்காட்டுக்கு ஊசி குத்தமாட்டாள். யாரும் பிடித்து இழுத்தால் துணியோடு போகட்டும் என்று.

நடு அறையில் காலிதீன் காக்கா. எல்லோருக்கும் அண்ணன் முறையான காக்கா, வரிப்பத்தான்சேனை வயற்காரர். ஒரு போகத்தில் வாய்க்கால் மேற்பார்வைக்கு வந்த காக்கிச் சட்டை ஓவசியர் மதகை அடைத்துவிட்டுப் போக, பால்பிடிக்கிற பயிர் கருகியது. அதற்குப் பிறகு அவர் எல்லா விடியலிலும் தன் தண்ணீர் முறை என்று துள்ளி எழும்புவார். அந்த நேரத்தில் முன்னால் வருகிறவன் அவருக்கு ஓவசியர். ஆகவே சாமித்தம்பி வெளியே நின்றே சொல்லுவான்:

"காக்கா, தண்ணி வருகுது. வாய்க்கால் முட்ட வருகுது."

"ஆரு துறந்த?"

"நாங்கதான் துறந்த."

அதன்பிறகே தாழ்ப்பாள் திறக்கும். சாமித்தம்பி வாயாரக் கதைக்கிற மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் ஹாஜியார் ஆசுபத்திரியைச் சீர்திருத்தத் தொடங்கினார். பின்பக்கம் வந்து அரை நாழிகை பார்த்தார்.

"கதவப் புடிச்சிக்கிட்டு சும்மா நிக்கிறானே, அவனுக்கு என்ன வேல?" என்றார். "இனி ஒரு அறைக்கு ஒராள். மத்தாள் முன்னுக்குப் போய்க் கூட்டட்டும்."

அத்தோடு ஆளுக்கு இரண்டு காக்கிச் சட்டையும் தந்தார். ஒழுங்கு தெரியவேண்டுமாம். சாமித்தம்பி "ஓம்" என்றான். சட்டை அளவாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் விடியலில் நடு அறை ஜெமீலின் முறை. மூன்று பிள்ளைகளின் வாப்பா, மருதமுனைத் தறியை விட்டு வந்தவன். வெளியே நின்று சொல்லவேண்டியதைச் சரியாகத்தான் சொன்னான். காலிதீன் காக்காவும் சந்தோசமாக எழும்பி வந்தார். கதவு திறந்தது. தண்ணீர் வரவில்லை, காக்கிச் சட்டை வந்தது.

முன்பக்கம் கூட்டிக்கொண்டிருந்த சாமித்தம்பிக்கு முகம் கழுவுகிற எனாமல் பேசின் எலும்பில் விழுந்த சத்தம் கேட்டது. ஓடினான். வாசலில் ஜெமீல் தோளைப் பிடித்தபடி குந்தியிருந்தான். காறை எலும்பு தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நின்றது. ஏன் என்று தெரியாமலே சாமித்தம்பி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பனியனோடு, கையை விரித்துக்கொண்டு சரிந்து நின்றான். றுகையா கதவைப் பிடித்தாள்.

"ஓவசியர் போயிட்டானா?" காலிதீன் காக்கா மூச்சு வாங்கினார்.

"போயிட்டான் காக்கா."

அவர் பேசினைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அழவேண்டிய இடம்தான். சாமித்தம்பிக்கு ஒன்றும் வரவில்லை. தரையில் கிடந்த தன் சட்டையைப் பார்த்தான். ஏன் கழற்றினோம் என்று அப்போதுதான் விளங்கியது.

ஜெமீலைக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பத்து மணிக்கு ஹாஜியார் தன் நெல் ஆலையிலிருந்து ஒரு சங்கிலியோடு வந்து இறங்கினார். எல்லோரையும் பின்பக்கம் கூப்பிட்டார்.

"சாமித்தம்பி, நீதான் பலசாலி. இத காலிதீன்ட கால்ல போட்டுக் கட்டிலோட பூட்டு."

"ஜெமீல் காக்காக்கு என்ன செய்யப்போறீங்க ஹாஜியார்?" றுகையா கேட்டாள்.

"அவனுக்கென்ன புள்ள? பைத்தியத்துக்கிட்ட தப்பத் தெரியாதவன் எனக்கு எதுக்கு? ஒத்தக் கையோட இஞ்ச வேல செய்யேலா. வீட்டோட இருக்கச் சொல்லு."

"தனியா அனுப்பினது நீங்க," என்றான் மீராசா. "அடி வாங்கித் தந்தது நீங்க தந்த சட்டை."

"சட்டை அடிச்சிச்சா? பின்னால உனக்கும் ஒரு அறை ஒதுக்கட்டா?"

"ஒதுக்குங்க," என்றாள் ஸுலைஹா. "ஆனா அதுக்குள்ளயும் ரெண்டு பேர அனுப்புங்க ஹாஜியார். மீராசாக்கும் கொஞ்சம் கோவம் வாற."

யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். ஹாஜியார் சங்கிலியைச் சாமித்தம்பியின் கையில் திணித்தார். உமி ஒட்டியிருந்தது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இது எங்கே போய் முடியும் என்று அந்த இடத்தில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தபாலில் வந்து முடியும். பயம் வரட்டும் என்று காத்திருந்தான். வரவில்லை. பாக்கியத்தின் தலைமயிரின் எண்ணெய்ப் பிசுக்கு உள்ளங்கையில் இருப்பதுபோல் இருந்தது. 'ஓம்' சொல்ல வாய் குவிந்தது.

"ஏலா," என்றான்.

"என்ன?"

"ஏலா ஹாஜியார். சங்கிலி போட்டா அந்த மனிசன் ஒரு காலமும் ஆறமாட்டார். ஜெமீலையும் நிப்பாட்டேலா. இனி தனியாப் போகவும் ஏலா."

இரண்டு வருடத்து ஏலாமை எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. சங்கிலியைச் சத்தம் வராமல் தரையில் வைத்தான். உள்ளே காலிதீன் காக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஓ! ஸ்ட்ரைக்கா? ஒருக்காப் பட்டது போதாதா உனக்கு?"

"இது ஸ்ட்ரைக் இல்ல. ஸ்ட்ரைக் எண்டா வேல செய்யாம நிக்கிற. நாங்க வேல செய்யப்போறம். ரெண்டு பேராப் போய்ச் சரியாச் செய்யப்போறம்."

மீராசா காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து வெளியே நின்ற ஹாஜியாரின் காரின் முன்மூடியில் வைத்தான். சாமித்தம்பி தன்னுடையதை அதன்மேல் வைத்தான். ஜெமீலின் கிழிந்த சட்டையை றுகையா கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கே வேற ஆக்களக் கொண்டு வருவன்!"

"கொண்டு வாங்க," என்றான் சாமித்தம்பி. "ரெண்டு ரெண்டு பேராக் கொண்டு வாங்க."

கார் போய்விட்டது. சட்டைகள் வழியில் எங்கேயோ விழுந்திருக்கும். நாளைக்கு வாசல் திறந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. பின்னேரம் எல்லோரும் மருதமுனைக்குப் போய் ஜெமீலைப் பார்ப்பதென்று மட்டும் முடிவாயிற்று.

றுகையா மருந்துப் பெட்டி மட்டையொன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் அடுத்த கிழமை முறையைச் சோடி சோடியாக எழுதத் தொடங்கினாள். ஜெமீலின் பெயரை எழுதிவிட்டுப் பேனையை நிறுத்தினாள்.

"இவரோட ஆரப் போடுற?"

"என்னப் போடு," என்றான் சாமித்தம்பி.

"ஒத்தக் கையோட அவர் என்ன செய்வார் அண்ணன்?"

"அவன் கதைக்கட்டும் தங்கச்சி. நான் கதவப் புடிக்கிறன்."