காளியாயி வாட்டிய நெல்

காளியாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். மகன் நல்லமுத்துவுக்குப் பெண் கேட்டுப் பொகவந்தலாவைக்குப் போனவள், "நம்ம வீட்டுக்கு வாங்க. கூப்பன் கடை அரிசி போடமாட்டேன், எங்க வயல் அரிசிதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வயல் என்றால் இறம்பொடைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, ஓடையோரம் குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலம். பெண்ணின் தாய் அழகம்மா சிரித்தாள்.

"மலை நெல்லா? குருணைக் கஞ்சி குடிக்கவா அம்புட்டுத் தூரம் வரணும்? சாப்புட்டுப் பாத்துட்டுத்தான் பொண்ணப் பத்திப் பேசுவேன்."

அறுத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. காளியாயிக்கு வேலை தேயிலைத் தொழிற்சாலையில். அனலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலுக்கு ஏங்குவானேன் என்று, தொழிற்சாலையை மேற்பார்க்கும் டீமேக்கரிடம் கெஞ்சி, தேயிலைத் தூளை உலர்த்தும் அடுப்பறையில் பாதி நெல்லைப் பரப்பினாள். மொறுமொறுவென்று காய்ந்தது. பெருமையாக லாபிர் நானாவின் நெல் குத்தும் மில்லுக்குக் கொண்டுபோனாள்.

கொட்டியது அத்தனையும் குருணை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நெல்லப் போட்டு வறுத்தீங்களா?" லாபிர் நானா ஒரு நெல்லை உரித்துக் காட்டினார். உள்ளே அரிசி குறுக்கே வெடித்திருந்தது. "அவசரத்துல காஞ்சா இப்படித்தான் வெடிக்கும். ஈரத்தோட கொண்டாந்தா நசுங்கும்."

லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். வருஷக்கணக்காகக் கொழுந்து வாட்டுகிறவளுக்கு இது தோன்றவேண்டாமா? பச்சைக் கொழுந்தை யாராவது நேரே அனலில் போடுவார்களா? தொழிற்சாலை மாடியில் பரப்பி, காற்றில் வாட்டி, பதம் பார்த்தல்லவா இறக்குகிறோம்!

மீதி நெல் மாடி ஏறியது. கொழுந்து குறைந்த வாரம், ஒரு மூலை சும்மாதான் கிடந்தது. டீமேக்கர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சரி என்றார். காளியாயி மெல்லிசாகப் பரப்பினாள், கிளறினாள், குவித்து ஆறவிட்டாள், மறுபடியும் பரப்பினாள். "நெல்லுக்குத் தாலாட்டுப் பாடுறியா?" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. பல்லில் கடித்துக் கடித்துப் பார்த்து, நசுங்காமல் டக்கென்று உடைந்த பிறகுதான் மூட்டை கட்டினாள்.

இந்த முறை அரிசி முழுசு முழுசாக விழுந்தது. லாபிர் நானாவே உள்ளங்கையில் அள்ளி, "அடேயப்பா, தேடித்தான் குருணை பொறுக்கணும்!" என்றார். காளியாயி மில் என்றும் பாராமல் கூத்தாடாத குறைதான்.

அழகம்மா வந்தாள். இலையில் விழுந்த சோற்றை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். காளியாயி சோற்றுப் பானையோடு பக்கத்திலேயே நின்றாள். சோறு தீர்ந்ததும் அழகம்மா நிமிர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க, சம்பந்தியம்மா."