ஒரு மீட்டர் பசுமை

சித்தூரில் கிறிஸ்தவ சபைக்குச் சொந்தமான வணிக வளாகம் கட்டி முடிந்தபோது, அதைத் திறக்கவிடாமல் தடுத்தது சிமெண்டும் இல்லை, கரண்டும் இல்லை, செடி. சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு மண் விட்டு மரம் வளர்த்திருக்க வேண்டும், அப்போதுதான் கட்டடத்தைப் பயன்படுத்தச் சான்று தருவோம் என்று நகராட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வரைபடத்தில் அந்தப் பட்டை பச்சை மையில் வெகு அழகாக இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் உடைந்த டைல்ஸும் மணல் சலித்த கல்லும் கிடந்தன.

கட்டடக் கமிட்டியின் செயலாளர் நேசகுமார். ரெவின்யூ ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களின் மனுவில் குறை கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். தன் மனுவில் ஒருத்தன் குறை சொன்னதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் விதி விதிதான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? திருப்பதி ரோட்டில் மணிவேல் நடத்தும் நர்சரிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சீக்கிரமா வளர்றது எது?"

மணிவேல் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரக்கன்றைக் காட்டினான். ஆடு மாடு வாய் வைக்காது, இலை கொட்டாது, தண்ணீர் மட்டும் ஊற்றினால் ஆறு மாதத்தில் ஆள் உயரம் வந்துவிடும் என்றான். விதிக்கு ஒன்பது மரம் போதும். இரண்டு பட்டுப்போனாலும் கணக்கு உதைக்கக் கூடாது என்று நேசகுமார் பதினொரு கன்றுகளாக வாங்கிவந்து வைத்தார்.

யார் தண்ணீர் ஊற்றுவது என்ற பேச்சு வந்தது. கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேருக்கும் அன்றைக்கென்று முதுகுவலி. பிரியாணிக் கடைக்கு இடம் பேசியிருந்தவர், அந்த மண்ணையும் சிமெண்ட் போட்டுக் கொடுத்தால் பைக் நிறுத்தலாமே என்று நைசாகக் கேட்டுப் பார்த்தார். அப்போதுதான் நேசகுமாருக்கு அந்த யோசனை வந்தது. கொரோனாவின் இரண்டாம் அலையில் சபையில் பதினொரு பேர் போயிருந்தார்கள். ஆளுக்கொரு கன்றில் பெயர் எழுதிய தகடு கட்டிவிட்டால், அந்தந்த வீட்டார் தண்ணீர் ஊற்றிக்கொள்ள மாட்டார்களா?

அவர் நினைத்தது அவ்வளவுதான். உள்ளதைச் சொன்னால் அது ஒரு தந்திரம். தான் மட்டும் ஒதுங்கி நிற்பதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, வாசலிலிருந்து ஆறாவது கன்றில், அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான தன் மனைவி எலிசபெத்தின் பெயரையும் கட்டினார்.

தந்திரம் அவர் கையை மீறிப் போயிற்று. அந்தப் பதினொரு பேருக்கும் கல்லறை கிடையாது. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் செத்தவர்களை, பிளாஸ்டிக்கில் சுற்றி எங்கேயோ வெட்டவெளியில் புதைத்துவிட்டார்கள். எங்கே என்று கேட்கும் நிலையில் அன்றைக்கு யாரும் இல்லை. எலிசபெத் ஆம்புலன்சில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "அடுப்புல பால் வச்சேன், எறக்குங்க" என்று சொன்னாள். அதுதான் கடைசிப் பேச்சு. பத்து நாள் கழித்து, வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த அவருக்கு, ஒரு ஊழியர் போனில் நாற்பது வினாடி வீடியோ அனுப்பினார். அதில் வெள்ளையாக ஏதோ ஒன்று குழியில் இறங்கியது.

இப்படி இருந்தவர்களுக்குப் பெயர் எழுதிய ஒரு மரம் கிடைத்தால் சும்மா விடுவார்களா? காலையில் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு உடனே போகாமல் நின்றார்கள். மரங்கள் வளர்ந்தன, சான்றும் வந்தது, கடைகள் திறந்தன. கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி, மற்ற குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, இந்தப் பதினொரு குடும்பமும் மொபைல் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் முன்னால் சுவரோரமாக உட்கார்ந்து ஏற்றியது. வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தயங்கினார்கள். நேசகுமாரும் ஏற்றினார். தான் செய்த தந்திரம் அவருக்கே மறந்துபோயிருந்தது.

அவர்களில் பிளெஸ்ஸி ஒருத்தி. வளாகத்தின் மாடியில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கணவன் ஸ்டீவன் பைக் ஷோரூமில் மெக்கானிக்காக இருந்தவன், முப்பத்தொரு வயதில் போனான். அப்போது அவளுக்கு ஆறு மாதம். பிறந்தவள் கேசியா. அப்பா எங்கே என்று குழந்தை கேட்கத் தொடங்கிய வயதில், பதிலுக்குத் தவித்த பிளெஸ்ஸி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கடைசி மரத்தைக் காட்டினாள். அதிலிருந்து கேசியாவுக்கு அது நைனா. பள்ளிக்கூட வேன் வரும்வரை அதைக் கட்டிக்கொண்டு நிற்பாள். மிஸ் அடித்ததைச் சொல்வாள். தின்றது போக மிச்சமிருக்கும் பிஸ்கட்டைக் கிளையிடுக்கில் வைப்பாள். பார்த்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் அது சரியா என்று கேட்கவில்லை.

போன பனிக்காலம் தொடங்கியபோது நகராட்சியிலிருந்து கோபிகிருஷ்ணன் வந்தார். நேசகுமாரிடம் நோட்டீசை நீட்டவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏமி சேஸ்தாம் சார், என்ன பண்றது, மேலேர்ந்து ஆர்டர் வந்துட்ச்சி. கமர்சியல் பில்டிங்குல எங்கெங்க கோனோகார்பஸ் கீதோ எல்லாத்தையும் எடுக்கணுமாம். வேர் போயி ட்ரெய்னேஜ உடைக்குது, பூ பூத்தா அந்தத் தூள்ல சின்னப் பசங்களுக்கு மூச்சுத் திணறல் வருதுன்னு சொல்றாங்க. பதினஞ்சு நாள் டைம். வேம்பு, புங்கன், எதுனா நாட்டு மரம் வச்சிடுங்க."

"நீங்கதான் சார் அன்னிக்கி பாத்துட்டு பேஷா கீதுன்னு கையெழுத்து போட்டீங்க."

"போட்டேன் சார். அப்ப யாருக்குத் தெரியும்?"

அவர் போன பிறகு நேசகுமார் நோட்டீசை மறுபடி படித்தார். அவர் மனதில் ஓடியது சாக்கடையும் இல்லை, சான்றும் இல்லை. ஒவ்வொரு பனிக்காலமும் கேசியாவுக்கு இழுப்பு வருகிறது. மூன்று வருஷமாக நெபுலைசர் வைத்துக்கொண்டு அவள் அம்மா அல்லாடுகிறாள். பூத் தூள் சங்கதியைப் பிளெஸ்ஸிக்குத் தெரியாமல் மறைத்துவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கவர்மெண்டு ஆர்டர், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். சாயங்காலம் பரிசோதனை நிலையம் மூடும் நேரத்தில் படியேறிப் போனார்.

"படிச்சிட்டேன் மாமா" என்றாள் பிளெஸ்ஸி, அவர் வாயைத் திறக்கும் முன்பே. கோபிகிருஷ்ணன் ஒரு நகலை வாசல் கேட்டில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். தெலுங்கில்தான் இருந்தது. அவள் பத்தாவது வரை படித்ததே தெலுங்கில்தான். அது நேசகுமாருக்கு நினைவில்லாமல் போயிற்று.

"மூச்சு வாங்குற புள்ளைய தூக்கிக்கினு வந்து அங்கதான் மாமா நிக்க வச்சேன். நைனாகிட்ட சொல்லு, சரியாப் பூடும்னு சொன்னேன். அது போயி மூஞ்ச எலையில வச்சி அழுத்திக்கினு நிக்கும்."

"அதனாலதான்னு யாரும்மா கண்டது? ஊர்ல எத்தினி தூசி கீது."

"அதனால இல்லன்னும் யாரும் சொல்லலியே."

நேசகுமார் இருக்கையில் உட்கார்ந்தார். ரத்தம் எடுக்க வருகிறவர்கள் கையை நீட்டி வைக்கும் இருக்கை அது. அப்போதுதான் அவர் சொன்னார், சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் நெஞ்சு கேட்கவில்லை.

"இந்த மரத்த பாத்து வாங்கியாந்தது நான்மா. சீக்கிரம் வளரணும், சர்டிபிகேட் கைக்கு வரணும்னு மட்டும்தான் பார்த்தேன். பேரு கட்டினதுகூட, தண்ணி ஊத்த ஆள் கெடைக்கும்னுதான். வேற ஒண்ணும் இல்ல."

பிளெஸ்ஸி ஊசிப் பெட்டியை மூடினாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தாள்.

"அப்பிடியா மாமா" என்றாள். "நான் அவருக்கு ஊத்துறேன்னு நெனச்சேன்."

அவள் கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். எழுந்து படியிறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை காலை பக்கிரிசாமி மரம் அறுக்கும் மெஷினோடு வந்தார். பதினொரு குடும்பமும் வந்திருந்தது. ஆயர் சுருக்கமாக ஜெபித்தார். சபையார் போனவர்களைப் பற்றிப் பேசும்போது யாரும் செத்தார் என்று சொல்வதில்லை. கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார், மகிமைக்குள் பிரவேசித்தார் என்றுதான் சொல்வார்கள். தகடுகளிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆயரும் அப்படியே சொல்லி முடித்தார்.

"எங்க வீட்டுத மொதல்ல வெட்டுப்பா" என்றார் நேசகுமார். எலிசபெத்தின் மரம் முழுசாக அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. மற்றவையும் வரிசையாக விழுந்தன. சிலர் ஒரு கொப்பை ஒடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் கலைந்து போனார்கள். வெயில் நேராக மொபைல் கடைக்குள் விழுந்தது. நாலு வருஷம் நிழலிலேயே இருந்துவிட்ட கடைக்காரர் கண் கூச வெளியே வந்து பார்த்தார்.

கடைசி மரம் மட்டும் நின்றது. கேசியா அதைக் கட்டிக்கொண்டு விடவில்லை. பக்கிரிசாமி மெஷினை நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

நேசகுமார் நாலு நாளாக இதற்கென்று ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தார். ஸ்டீவனின் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஒரு முழம் உயரப் புங்கன் கன்று ஒன்றைக் கையில் ஏந்தி வந்தார்.

"பிளெஸ்ஸி, புள்ளைகிட்ட சொல்லிக்கலாம்மா. நைனா சின்னதாயிட்டாரு, இதுல இருந்து மறுபடி வளருவாருன்னு. பேரையும் இதுலயே கட்டிடலாம். புங்கன் ஒண்ணும் பண்ணாது."

"வேணாம் மாமா."

"கொழந்தைம்மா. தாங்குமா?"

"இன்னொருவாட்டி அவர வளத்து இன்னொருவாட்டி குடுக்க என்னால ஆவாது. செடிய வைங்க. அது பாட்டுக்கு செடியா இருக்கட்டும். பேரு வேணாம்."

அவள் மரத்தடிக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். கேசியா முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்: "வெட்டினா நைனாவுக்கு வலிக்கும்தான?"

பிளெஸ்ஸி மகளின் முதுகில் கை வைத்தாள். சபையில் யாரும் சொல்லாத அந்தச் சொல் அவள் தொண்டையில் நாலரை வருஷமாகக் கிடக்கிறது என்பது நேசகுமாருக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் தொண்டையிலும் அதுவே கிடந்தது.

"வலிக்காது கேசி. நைனா செத்துட்டாரு."

குழந்தை திரும்பிப் பார்த்தது. "இப்பவா?"

"இல்லம்மா. நீ என் வயித்துல இருக்கும்போதே. காய்ச்சல் வந்து செத்துட்டாரு. இது நைனா இல்ல, மரம். அம்மாதான் உன்கிட்ட தப்பா சொல்லிட்டேன்."

"அப்ப நைனா எங்க கீறாரு?"

"திருப்பதில பொதச்சிட்டாங்க. எந்த எடம்னு எனுக்குத் தெரியாது."

கேசியா அழுவாள் என்று நேசகுமார் பயந்தார். அவள் அழவில்லை. அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதது பிளெஸ்ஸி. மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வாய்விட்டு, ஆறு மாத வயிற்றோடு அன்றைக்கு அழமுடியாமல் போன அழுகையை எல்லாம் அழுதாள். சின்னக் கை அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பிளெஸ்ஸி மூக்கைத் துடைத்து, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வெட்டுங்கண்ணா" என்றாள் பக்கிரிசாமியிடம்.

மெஷின் சத்தம் வந்தது, நின்றது. மரம் சுவர்மேல் சாய்ந்து சரிந்தது. கேசியா அம்மாவின் தோள்மேலிருந்து அதையும், பிறகு சுவரோரமாக வரிசையாக நின்ற அடிக்கட்டைகளையும் பார்த்தாள். ஆறாவதைக் காட்டி நேசகுமாரிடம் கேட்டாள்.

"தாத்தா, அது உங்க மரம்தான? அந்த ஆயா எங்க?"

மகிமைக்குள் பிரவேசித்தாள் என்ற வார்த்தை பழக்கத்தில் அவர் நாக்கு நுனிவரை வந்தது. ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தை. கையிலிருந்த கன்றைக் கீழே வைத்தார்.

"செத்துட்டாம்மா" என்றார். "எங்க எலிசபெத்து செத்துட்டா."