தொட ஒரு கன்னம்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்து பென்ஷன் வாங்குகிற ஓகுஸ்தேன் நான். சும்மா உட்காரப் பிடிக்காமல், கம்ப்யூட்டரில் போட்ட போட்டோவைப் பலகையில் தானே செதுக்கும் சி.என்.சி. மிஷின் ஒன்றை வீட்டிலேயே பாகம் பாகமாகச் சேர்த்து உருவாக்கி வைத்திருந்தேன். மாதா, பிள்ளையார் என்று நாலைந்து படம் நன்றாக வந்ததில் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

2007 கோடையில் கடலோரக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து மங்கையர்க்கரசி வந்தாள். மூன்று வயது மகனைச் சுனாமியில் பறிகொடுத்தவள். உடல்கூடக் கிடைக்கவில்லை. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் குரும்பகரத்து அக்கா வீட்டில் மாட்டியிருந்ததால் தப்பிய ஒரே போட்டோவை நீட்டினாள்.

"இதத் தொட்டா கண்ணாடிதாங்க கையில படுது. எனக்கு அவன் கன்னத்தத் தொடணும்."

இதென்ன பெரிய காரியம் என்று வாங்கிக்கொண்டேன்.

என் மிஷினுக்கு மூளை கிடையாது. வெளுப்பு என்றால் மேடு, கறுப்பு என்றால் பள்ளம். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் பையனின் தலைமுடியையும் கண்ணையும் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே வெளுத்துவிட்டேன். கன்னத்தில் திருஷ்டிக்கு வைத்த மைப்பொட்டு மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஏதோ நிழல் என்று விட்டுவிட்டேன். செதுக்கும் பிட் அங்கே இறங்கிப் பலகையைத் துளைத்துக்கொண்டு போனது. குண்டு பாய்ந்த முகம் நான் பார்த்திருக்கிறேன். அது மைப்பொட்டு என்று அப்போதுதான் உறைத்தது.

பெற்றவளிடம் அதைக் காட்ட முடியுமா? பொட்டை அழித்துவிட்டுப் புதுப் பலகையில் மறுபடி ஓட்டினேன். ஆறு மணி நேரம் ஆனது. கன்னம் புசுபுசுவென்று எழும்பி வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மங்கையர்க்கரசி கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். நெற்றி, மூக்கு, உதடு. இடது கன்னத்தில் விரல் எதையோ தேடியது.

"பொட்டு எங்கங்க?"

"மிஷினுக்கு ஒத்து வரலம்மா, எடுத்துட்டேன். இப்ப பளிச்சுன்னுதானே இருக்கு?"

"பொட்டு வைக்காம ஒருநாளும் அவன வாசலத் தாண்ட விட்டதில்லீங்க. அல வந்த அன்னிக்கு ஞாயித்துக்கெழம. மை தீந்துபோச்சு. அப்பறமா வச்சுக்கலாம்னு வெளையாட விட்டுட்டேன்."

பொட்டோடு வேறொன்று செய்து தருகிறேன், இரண்டே நாள் பொறு என்று என்னவோ உளறினேன்.

"வேணாங்க. இந்த மொகத்தோடதான் போனான்."

பலகையை முந்தானையால் மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.