அரை டம்ளர் எழுதிக்கொண்டிருக்கிறார்

குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, தங்கை போனில் வலைப்பூவைத் திறந்தாள். கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி மதியம் வரும். அதற்குள் நாலு வரி எழுதிப் போட்டுவிட வேண்டும். சாவு வீட்டில் ஒருத்தி தனியாக உட்கார இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அக்காவின் வாசகர்கள் எல்லோரும் சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், இல்லாவிட்டால் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள். அக்காவும் அந்தக் கூட்டம்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் கட்டுப்பாடு போட்டதும், தனக்கு ‘அரை டம்ளர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். தாகத்தை எப்படி ஏமாற்றுவது, ஐஸ்கட்டியை எப்படி வாயில் அடக்குவது, ஊசி குத்திய கையின் மேல் தலை வைத்துத் தூங்கும் புருஷனை எப்படி எழுப்புவது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிகம் பேர் பதில் போட்டார்கள். படம் சேர்க்கவும் பிழை திருத்தவும் தங்கைக்கும் ஒரு கணக்குத் திறந்து, அதற்கு ‘முழுச் சொம்பு’ என்று பெயர் சூட்டினாள். தன் எதிரில் நின்று தங்கை மடக்மடக்கென்று தண்ணீர் குடித்த ஒரு நாளின் வயிற்றெரிச்சல் அது.

பக்கம் திறந்தது. போன மாதம்தான் வலைப்பூக் கம்பெனிக்காரர்கள் எழுதும் இடத்தையே தலைகீழாக மாற்றியிருந்தார்கள். முன்பெல்லாம் வெள்ளைத்தாள் மாதிரி ஒரே பக்கம். இப்போது பத்திக்கு ஒரு கட்டம். கீழே இருந்த ‘வெளியிடு’ மேலே மூலைக்குப் போய்விட்டது. ‘சேமி’ என்ற பட்டன் போன இடமே தெரியவில்லை. தங்கை பஸ் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்ப்பவள். அங்கே பழைய மென்பொருள் கைக்குப் பிடிபடுவதற்குள் புதியது வந்துவிடும். அதனால் அவளுக்கு இது பெரிய விஷயமில்லை. அக்காதான் தவித்துப் போனாள்.

“சேமிக்கிற பட்டனையே தூக்கிட்டான்டி. திரை அணைஞ்சா எழுதினது எங்க போகும்?”

தானாகச் சேமித்துக்கொள்ளும் என்று தங்கை படித்துப் படித்துச் சொன்னாள்.

“தானா நடக்கும்னு இந்த உடம்பையும்தான் நம்பிக்கிட்டிருந்தேன்.”

அதன் பிறகு அக்கா எழுத உட்கார்ந்தால், யோசிக்கும் நேரத்தில்கூட டேப்லெட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

தங்கை விரலால் தள்ளித் தள்ளிப் பதிவுகளின் வரிசைக்கு வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அக்கா பாதியில் விட்ட பதிவு இருந்தது. ‘உருளைக்கிழங்கு சாப்பிடலாமா?’ அதன் கீழே, அக்கா சிரிக்கும் சின்ன வட்டப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் புள்ளி. ‘அரை டம்ளர் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.’

அவள் பக்கத்தை மூடித் திறந்தாள். பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது.

பேய், பிசாசு என்று நினைக்கிற பெண் இல்லை அவள். எங்கேயோ டேப்லெட் திறந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் திறந்து கிடந்தால் கொஞ்ச நேரத்தில் திரை அணையும், அணைந்தால் இந்த வரியும் போய்விடும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அப்படியானால் யாரோ தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதாக ஒரு பதிவு திறந்துகொள்ளலாம்; யாரும் தடுக்கப்போவதில்லை. திறந்தாள். ‘அரை டம்ளர் நேற்று’ என்று எழுதினாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறவளைச் செத்துப்போனாள் என்று எப்படி எழுதுவது? எழுதியதை அழித்துவிட்டு வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை பீரோவுக்குப் பக்கத்தில் கிடந்தது. செருப்பு, துண்டு, மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த களிம்பு. டேப்லெட்டும் இல்லை, சார்ஜரும் இல்லை. அவள் பையைக் கொட்டிக் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா வந்து காதில் கிசுகிசுத்தாள். வந்ததிலிருந்து அத்தான் பின்னறையை விட்டு வெளியே வரவில்லையாம். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு முகம் கொடுக்கவில்லையாம். கையில் அந்தப் பலகையை வைத்துக்கொண்டு என்னமோ தேய்த்துக்கொண்டே இருக்கிறாராம். பெண்டாட்டி செத்த அன்றைக்கு விளையாட்டு கேட்கிறதா என்று ஒருத்தர் வாய்விட்டே சொல்லிவிட்டாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று பெரியம்மா முடித்தாள். அந்த ஒருத்தர் பெரியம்மாவேதான் என்பது தங்கைக்குத் தெரியும்.

அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது.

பின்னறையில் அத்தான் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் டேப்லெட். சார்ஜர் வயர் எட்டவேண்டும் என்பதற்காகக் கட்டிலை விட்டுத் தரைக்கு வந்திருக்கிறார். லாரி மெக்கானிக். காய்த்துப்போன அவர் விரல்களைத் திரை மதிப்பதில்லை. அதனால் சுண்டுவிரலை நீட்டித் தொட்டார். திரை பளிச்சென்று ஆனது. மறுபடி மங்கும்வரை அதையே பார்த்திருந்து, மறுபடி தொட்டார். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“அத்தான், வண்டி வந்துடுச்சு. உங்களத்தான் தேடுறாங்க.”

“ம்.”

“என்ன அத்தான் இது?”

அவர் தலை நிமிரவில்லை. “ஆஸ்பத்திரியில உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப என் கையில குடுத்தா. அணைய விடாதீங்க, வந்து முடிச்சுடறேன்னா.”

தங்கை அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் போனைத் திறந்து காட்டினாள். அதே உருளைக்கிழங்கு, அதே வரிகள், எல்லாம் பத்திரமாக இருந்தன.

“பாருங்க. தானா சேமிச்சுக்கும் அத்தான். அணைஞ்சாலும் ஒண்ணும் போகாது.”

அவர் போனைப் பார்த்தார். பிறகு திரையைத் தொட்டார்.

“அவகிட்டயும் நீ இதத்தான சொன்ன. அவ நம்பலையே,” என்றார். “அவ நம்பாதத நான் எப்படி நம்புறது?”

அணையாமல் இருக்க செட்டிங்கில் மாற்றிவிடலாம் என்று அவள் கையை நீட்டினாள். அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று அவர் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கும் சத்தம் கேட்டது. முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பெட்டியை மூடப் போகிறோம் என்று வண்டிக்காரர் சொல்வதும் கேட்டது. இப்போது எழுந்து போகாவிட்டால் இந்த மனுஷனுக்கு இனி அந்த முகம் இல்லை. அவளுக்கும்தான் இல்லை. காலையிலிருந்து பந்தலுக்கும் வண்டிக்கும் ஆட்களுக்கும் போன் போட்டே பொழுது போய்விட்டது. அக்காவின் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்காரவில்லை.

“குடுங்க,” என்றாள். “நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க.”

அத்தான் அவளை அப்போதுதான் பார்த்தார். கொடுக்கலாமா என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது. நடுவில் ஒரு தடவை தொட்டுவிட்டு, மெதுவாக மடியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தார்.

“எழுத்து மேல பட்டுடாத. ஓரமாத் தொடு. மங்குறப்பவே தொட்டுடணும்.”

“சரி அத்தான்.”

“நீ வரலையா?”

“இல்ல. நான் இங்க இருக்கேன்.”

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். மரத்துப்போன காலை உதறிவிட்டு, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு போனார்.

அவள் மடியில் அக்காவின் கடைசிக் கட்டம் திறந்திருந்தது. ‘நறுக்கிய துண்டுகளை, பொட்டாசியம் இறங்கும்படி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்டுவதற்கு மனசு வராது. அத்தனை தண்ணீர்! ஆனாலும்’ என்று நின்றிருந்தது. அந்த ‘ஆனாலும்’ பக்கத்தில் கோடு ஒன்று மின்னி மின்னி மறைந்தது. மேல் மூலையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று பொடி எழுத்தில் இருந்தது.

கீழே வைத்துவிட்டு ஓடினால் போதும். கதவைத் தாண்டினால் கூடம். அத்தானுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அவள் ஒரு காலை ஊன்றி எழக்கூடச் செய்தாள்.

கூடத்தில் அத்தானின் குரல் உடைந்து பெரிதாகக் கேட்டது. அதைத் தொடர்ந்து மற்றவர்களின் அழுகை. பெரியம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. மூடியை வைத்து அழுத்தும் சத்தம். காலடிகள் சேர்ந்து வாசலுக்கு நகர்ந்தன.

திரை மங்கத் தொடங்கியது. அவள் திரும்ப உட்கார்ந்து, எழுத்தில் படாமல், ஓரமாகத் தொட்டாள்.