பச்சை விளக்கு மட்டும்

மெயின் போர்டின் மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை வீரமுத்துவின் முகத்தில் அடித்தது. திண்டிவனத்தில் பரிமளா டீச்சர் கட்டிய புது வீடு. முந்தின நாள் இடியில் ஃப்ரிட்ஜ், மோட்டார், படுக்கையில் கிடக்கும் கணவருக்கு வைத்திருந்த ஆக்சிஜன் மெஷின் எல்லாம் போய்விட்டன. கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சீவாத தலையோடு டீச்சர் வந்து நின்றிருந்தார்.

"நீதானேப்பா சொன்ன, இதப் போட்டா இடி மின்னலுக்கு பயமே இல்லன்னு?"

சொன்னது அவன்தான். பிளக்குக்குப் பிளக்கு தனியாக வாங்குவதைவிட, மின்னலில் பாயும் மிகை மின்சாரத்தைத் தடுக்க மெயினிலேயே வீடு முழுக்க ஒரே சர்ஜ் பாக்ஸ் போடுவதுதான் நல்லது என்று அரைமணி நேரம் விளக்கினான். எர்த்துக் குழியையும் தானே வெட்டினான். பாக்ஸை வாங்கித் தந்தவர், இப்போது பக்கத்தில் நிற்கும் காண்ட்ராக்டர் செல்வகுமார்.

வீரமுத்து அந்த பாக்ஸை நெம்பித் திறந்தான். உள்ளே வெறும் கூடு. வெளியில் பச்சை விளக்கு எரிவதற்காக மட்டும் ஒரு வயர் ஓடியது.

"அண்ணே, இதுல ஒண்ணுமே இல்லியே!"

செல்வகுமார் டீச்சர் பக்கம் திரும்பினார். "நான் குடுத்தது ஒரிஜினலுங்க, பில்லு வச்சிருக்கேன். இவன்தான் அத எடுத்துக்கினு போய் எங்கயோ வித்துட்டு, டூப்ளிகேட்ட மாட்டியிருக்கான்."

வீரமுத்து பதினோரு வருஷம் செல்வகுமார் கூடவே வேலை பார்த்தவன். அவன் மகளுக்கு அஸ்வினி என்று பெயர் வைத்ததே செல்வகுமார்தான்.

"பூவரசா, நீ சொல்லுடா. அண்ணன் குடுத்த அட்டப் பொட்டிய நம்ம ரெண்டு பேரும் இங்கதானே பிரிச்சோம்?"

கூடவே வேலை பார்க்கும் பூவரசன் டெஸ்டரை வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "நான் கவனிக்கலண்ணே."

"வெளிய போப்பா," என்றார் டீச்சர். "அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்ன சும்மா வுடமாட்டேன்."

வீரமுத்து அந்தக் கூட்டை எடுக்கக் கை நீட்டினான். அதற்குள் செல்வகுமார் அதைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

விழுப்புரம் பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது போன் அதிர்ந்தது. எலக்ட்ரீசியன்கள் குரூப்பில் அவன் போட்டோ. 'பொருளை மாற்றி விற்கும் ஆள். யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம்.' கீழே கட்டைவிரல்கள் வந்துகொண்டே இருந்தன. முதல் விரல் பூவரசனுடையது.

ஆயுத பூஜையன்று செல்வகுமார் கடை வாசலில் எடுத்த போட்டோ அது. பக்கத்தில் நின்ற செல்வகுமாரை வெட்டியிருந்தார்கள். வீரமுத்துவின் தோளை அணைத்திருந்த அவருடைய நான்கு விரல்கள் மட்டும் படத்தில் மிஞ்சியிருந்தன.